கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீச்சல் நிபுணர்

நகராட்சி நீச்சல் குளத்தின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு நீச்சலைப் பற்றித் தெரியாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. நீந்த மட்டும்தான் தெரியாது.

கவுண்டருக்கு முன்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகக் கை நீட்டி டிக்கெட் கொடுப்பார். முதுகுப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் குளம். அவருடைய சுழல் நாற்காலி பாதி நேரம் முன்னாலும் பாதி நேரம் பின்னாலும் திரும்பியிருக்கும் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முக்கால்வாசி நேரம் பின்னால்தான். டிக்கெட் வாங்க வந்தவர்கள் அவருடைய பிடரியைப் பார்த்து இரண்டு தடவை கனைத்த பிறகுதான் முகத்தைப் பார்க்க முடியும். அந்த முகம் திரும்பும்போதே வாயில் ஒரு தீர்ப்பும் தயாராக இருக்கும்.

"அந்த நீலத் தொப்பிக்காரரப் பாத்தீங்களா? தண்ணியப் போட்டு அடிக்கிறாரு. தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு? முழங்கை மேல நிக்கணும். விரல் நுனி, துணியில ஊசி இறங்கற மாதிரி சத்தமில்லாம இறங்கணும்."

நீலத் தொப்பிக்காரர் மளிகைக் கடை வைத்திருப்பவர். வாரத்தில் மூன்று நாள் வந்து, தண்ணீரை அடி அடியென்று அடித்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய், பசியோடு வீட்டுக்குப் போவார். தான் தப்பாக நீந்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

ஊழியர்கள் நம்மவருக்குத் 'துல்லியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் துல்லியம் சார். முதுகுக்குப் பின்னால் சார் கிடையாது. அவர் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார். இவ்வளவு விவரம் தெரிந்த மனிதர் நீந்தாமலா இருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். விடியற்காலையில் யாரும் வருவதற்கு முன்னால் வந்து, மீன் மாதிரி நீந்திவிட்டுப் போகிறார் என்று யாரோ ஒருவர் கிளப்பிவிட, அது அப்படியே நிலைத்துவிட்டது. அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துவைத்தார். பொய் சொல்லாமலே பொய்யராக வாழ்வதிலும் அவரிடம் ஒரு துல்லியம் இருந்தது.

தண்ணீரென்றால் அவருக்கு ஏன் அப்படிப் பயம் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் கிணற்றில் விழுந்தாரா? இல்லை. ஆற்றோடு போனாரா? அதுவும் இல்லை. ஒரு விபத்து இருந்தாலாவது அதைச் சொல்லி அனுதாபம் தேடலாம். இவருடையது அந்த வசதிகூட இல்லாத பயம். அதனால் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். தயாரிப்பு. "முதல்ல எல்லாத்தையும் சரியாத் தெரிஞ்சுக்கணும். அரைகுறையா இறங்கினா தப்பான பழக்கம் ஒட்டிக்கும். அப்புறம் மாத்தவே முடியாது."

இந்தத் தயாரிப்பு நீச்சலோடு நிற்கவில்லை. மேற்பார்வையாளர் பதவிக்குத் தேர்வு வந்தபோது, இன்னும் ஒரு தடவை ஆழமாகப் படித்துவிட்டு அடுத்த முறை எழுதலாம் என்று விட்டார். அடுத்த முறையும் அப்படியே. அவருக்குப் பிறகு வேலையில் சேர்ந்த ஒரு பொடியன், விண்ணப்பத்திலேயே இரண்டு எழுத்துப்பிழை விட்டவன், பாதிப் பாடம் படித்துவிட்டுப் போய் எழுதினான். இப்போது அவன்தான் மேனேஜர். நம்மவர் அவனை 'சார்' என்கிறார். எழுத்துப்பிழையைப் பற்றி வீட்டில் மட்டும் பேசுகிறார்.

கல்யாணமும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் வேலை பார்த்த பெண்ணிடம் மனதில் இருப்பதைச் சொல்ல, மாதக்கணக்கில் ஒரு வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தலைவலியே இல்லாமல் தலைவலி மாத்திரை வாங்கிக் குவித்தார். கடைசியில் அந்தப் பெண்தான் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, "கேக்கப் போறீங்களா, இல்ல இன்னும் ஒரு அட்டை வேணுமா?" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

அந்த மனைவிக்குத்தான் ஒரு நாள் முட்டி வலி வந்தது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. டாக்டர், மாத்திரையை விட நீச்சல் நல்லது என்று சொல்லிவிட்டார். வீட்டில் இந்த விஷயத்தை அவள் பேசவே இல்லை. பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முதல் மாதம் முழுக்க மூச்சு விடுவதைப் பற்றி விரிவுரை நடக்கும், இரண்டாம் மாதம் தோள்பட்டை. அதற்குள் முட்டி தேய்ந்துவிடும். நேராகக் கவுண்டருக்கு வந்து, அவருடைய பிடரியைப் பார்த்துக் கனைத்தாள்.

"ஒரு டிக்கெட்."

குரல் கேட்டதும் நாற்காலி ஒரே சுற்றில் திரும்பியது.

"நீ எங்க இங்க?"

"நீச்சல் கத்துக்கப் போறேன். பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, சீக்கிரம் குடுங்க."

"உனக்கு நீச்சல் தெரியாதே!"

"தெரிஞ்சா எதுக்குங்க கத்துக்கறேன்?"

பின்னால் நின்ற மளிகைக் கடைக்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டிக்கெட் கைமாறியது.

அன்று முதல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்ப்பது அவருக்குச் சித்திரவதை ஆயிற்று. அவள் தண்ணீரில் செய்ததை எந்தப் பாணியிலும் சேர்க்க முடியாது. கால் ஒரு ஊருக்குப் போனது, கை இன்னொரு ஊருக்குப் போனது, தலை இரண்டுக்கும் விடை கொடுக்க மேலே மேலே வந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே, எப்படியோ, கரையோரக் கம்பியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர ஆரம்பித்தாள். வீட்டுக்கு வரும்போது காதில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாக வந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அவர் தொடங்குவார்.

"உன் இடுப்பு தொங்குது. உடம்பு ஒரே கோட்டுல இருக்கணும். நீ மூழ்கற மாதிரியே நீந்தற."

"நான் மூழ்கற மாதிரி நீந்தறேன். சரி. நீங்க எந்த ஸ்டைல்ல மூழ்குவீங்க?"

அவர் குழம்பில் கவனம் செலுத்தினார்.

நிலைமை இப்படியே ஓடியிருக்கும். மேனேஜர் கூப்பிட்டு விட்டதுதான் வினை. டிக்கெட் கொடுக்க இயந்திரம் வருகிறதாம். இரண்டு மாதத்தில் கவுண்டரை மூடப்போகிறார்களாம்.

"உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்," என்றார் மேனேஜர். "குளத்தோரம் கண்காணிப்பாளர் வேலை காலியாத்தான் இருக்கு. ஒரு சின்ன விதி. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு ஒரு தடவை நீந்திக் காட்டணும். உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? வேற யாராவதா இருந்தா, ஊருக்கு வெளிய பழைய சாமான் கிடங்கு இருக்கே, அங்கதான் போடணும்."

"கிடங்குல... வேலை எப்படி?" என்று கேட்டார் நம்மவர்.

மேனேஜர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிச் சிரித்தார்.

வசமாக மாட்டிக்கொண்டார். கற்றுக்கொள்ளலாம் என்றால் இந்த ஊரில் இருப்பது இந்த ஒரு குளம். அதில் இறங்கினால் அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். இவர் யாருக்கெல்லாம் முழங்கையைத் திருத்தினாரோ அவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். தண்ணீர் மூக்கு வரைக்கும்தான் வரும். மானம் அதற்கு முன்னாலேயே போய்விடும்.

ஆகவே தயாரிப்பு தீவிரமடைந்தது. நல்ல நீச்சல் உடை, மூக்கைப் பிடிக்கும் கிளிப், காதடைப்பான், பனி படியாத நீச்சல் கண்ணாடி எல்லாம் வந்து இறங்கின. கூடத்தில் முக்காலியைப் போட்டு, அதன் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, கைகால்களை வீசிப் பழகினார். எதிரே ஒரு வாளித் தண்ணீர். அதில் முகத்தை நனைப்பதாகத் திட்டம். முகம் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே வந்ததும், கண்ணாடியின் வார் சரியில்லை என்று தோன்றிவிடும். எழுந்து வாரைச் சரிசெய்வார். மறுபடி படுப்பார். மறுபடி வார்.

வேலை முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவர் முக்காலியின் மேல், தொப்பியும் கண்ணாடியுமாக, காற்றில் நீந்திக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கிண்டல் பண்ணாத. அடிப்படை சரியா வந்துட்டா தண்ணியில வெறும் அஞ்சு நிமிஷ வேலை."

"அலை எப்ப ஓயறது, தலை எப்ப முழுகறதுன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு வாளியிலயே அலை அடிக்குது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். முக்காலி வயிற்றில் வட்டமாக அச்சுப் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைத் தடவிவிட்டுக்கொண்டு, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். கிடங்கும் ஒன்றும் மோசமில்லை. அமைதியான இடம். கூட்டம் கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு ஆறு மாதம் அங்கே இருந்துகொண்டே நிதானமாகத் தயாராகி, பிறகு மாற்றல் கேட்டால்...

"போங்க," என்றாள் மனைவி. "தாராளமாப் போங்க. அங்க தூசி படியறது சரியில்லன்னு தூசிக்குப் பாடம் எடுங்க. அது பாவம் எதிர்த்துப் பேசாது."

"உனக்கு என் கஷ்டம் புரியல. நான் அங்க போய் நிக்கறப்ப என்ன நினைப்பாங்க?"

"என்னைப் பத்தி என்ன நினைச்சாங்க?"

அவளைப் பற்றி அந்தக் குளத்தில் யாரும் எதுவும் நினைக்கவில்லை. நினைத்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

"தண்ணியப் பாத்து நீங்க பயப்படல," என்றாள் அவள். இப்போது குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. "சுமாரா இருக்கறதுக்குப் பயப்படறீங்க. நான் சுமாராத்தான் நீந்தறேன். ரொம்பவே சுமார். ஆனா முட்டி வலி போயிடுச்சு. தண்ணி என்கிட்ட மார்க் கேக்கல."

வாளியை எடுத்துக்கொண்டு போய்த் துணி ஊறவைத்துவிட்டாள்.

அவருடைய விடுமுறை நாளன்று குளத்துக்குப் போனார். வீரத்தோடு போனார் என்று சொல்ல முடியாது. மூன்று தெரு சுற்றிப் போனார். வாசல் வரை வந்து, ஒரு கடையில் சீப்பு விலை கேட்டார். அவருக்குச் சீப்பு தேவைப்பட்டு வெகு காலமாயிற்று. டிக்கெட் இயந்திரம் சோதனைக்காக அதற்குள் வந்திருந்தது. பொத்தானை அழுத்தியதும் டிக்கெட்டைத் துப்பியது. அவருடைய பாணியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆழமில்லாத பக்கத்தில் புதியவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாலைந்து குழந்தைகள், முதுகுவலிக்கு வந்த ஒரு டிரைவர், எதற்கோ அங்கே வந்து மிதந்துகொண்டிருந்த மளிகைக் கடைக்காரர். வகுப்பு எடுப்பவரை எல்லாரும் மாஸ்டரம்மா என்பார்கள். கழுத்தில் விசில், குரலிலும் விசில். பல வருடங்களாகக் கண்ணாடி வழியாகக் கை ஜாடையில் நம்மவர் அனுப்பிய திருத்தங்களையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்.

அவரைப் பார்த்ததும், "வாங்க துல்லியம் சார்," என்றார். "தூரத்துலேருந்து குறை சொல்லி அலுத்துப்போச்சா? பக்கத்துல நின்னு சொல்லலாம்னு வந்தீங்களா?"

இந்தக் கட்டத்துக்கு அவர் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தார். 'நீரோடு எனக்கிருந்த உறவைக் கோட்பாட்டு நிலையிலிருந்து நடைமுறை நிலைக்கு' என்று அது தொடங்கும். வாயைத் திறந்தார். அது வரவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றார்.

"நல்ல ஜோக் சார்."

"நிஜமாத்தான். தெரியாது. எப்பவுமே தெரியாது."

மாஸ்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூக்குக் கிளிப், காதடைப்பான், பளபளவென்ற தொப்பி. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஆறுதலாக, புரிந்துகொண்டு, தோளில் தட்டிச் சிரிக்கும் சிரிப்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இத்தனை வருஷமா எனக்கு முழங்கை சொல்லிக் குடுத்தீங்களேய்யா!"

"நான் சொன்ன முழங்கை சரிதான்," என்றார் அவர். அந்த நிலைமையிலும் அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"சரி, அந்த முழங்கையையும் கூட்டிட்டு உள்ள இறங்குங்க."

இறங்கினார். தண்ணீர் முதலில் கணுக்காலைத் தொட்டது, பிறகு முட்டியை, பிறகு இடுப்பை. அது இவ்வளவு குளிரும் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியவே இல்லை. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தரை வழுக்குமா என்று கேட்டார். குளோரின் இன்று எவ்வளவு என்று கேட்டார். தலையை நேராக உள்ளே விடுவது நல்லதா, சாய்த்து விடுவது நல்லதா, இரண்டுக்கும் ஆதரவான கருத்துகள் இருக்கின்றன என்று ஆரம்பித்தார்.

"சார், வாய மூடினாத்தான் தண்ணி உள்ள போகாது," என்றார் மாஸ்டரம்மா.

"வார் மட்டும் கொஞ்சம்..."

"அந்த மாமா பயப்படறாரு," என்று ஒரு குழந்தை ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது.

அவர் மூழ்கினார். துணிந்து மூழ்கினாரா, அந்தக் குழந்தையின் குரலிலிருந்து ஒளிந்துகொள்ள மூழ்கினாரா என்று அவருக்கே தெரியாது. உள்ளே எந்தக் கோட்பாடும் இல்லை. ஒரு பெரிய இரைச்சல், பச்சை வெளிச்சம், அவ்வளவுதான். அடுத்த நொடி மூக்குக் கிளிப் ஒரு பக்கமும் கண்ணாடி இன்னொரு பக்கமுமாக, தொப்பி ஒற்றைக் காதில் தொங்க, இருமிக்கொண்டு மேலே வந்தார். குடித்த தண்ணீரில் கொஞ்சம் டிரைவரின் மேல் துப்பினார்.

எல்லாரும் சிரித்தார்கள். மளிகைக் கடைக்காரர் மிதந்தபடியே சிரிக்கப்போய் அவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

வாழ்நாள் முழுக்க அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இதோ வந்தே விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, இது எவ்வளவு தூரம் போகும் என்று காத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது சிரிப்பு முடிந்திருந்தது. குழந்தைகள் காலடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தன் முதுகைப் பற்றி மாஸ்டரம்மாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். மளிகைக் கடைக்காரர் பாதிக் குளம் தாண்டியிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

அவருக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதிவிடலாம். இருந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் கோபம் வந்தது. இத்தனை வருடம் அடைகாத்த கௌரவம்! அது போனதை நின்று பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லையே!

"நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு சார்? தொப்பியக் கழட்டிக் கரையில போடுங்க," என்றார் மாஸ்டரம்மா. "இன்னொரு தடவை."

அதன் பிறகு அவர் கற்றுக்கொண்டதில் பெருமை பேச ஒன்றுமில்லை. குழந்தைகள் எல்லாரும் அவருக்கு முன்னால் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். டிரைவரும் போனார். கம்பியை விடச் சொன்னால் ஒரு கையை மட்டும் விட்டார். சில நாட்களில் கோபித்துக்கொண்டு, தண்ணீரில் ஏதோ கோளாறு என்கிற மாதிரி அதை முறைத்தார். மனைவி பக்கத்து வரிசையில் நீந்திக்கொண்டே, "இடுப்பு தொங்குதுங்க," என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கும் ஆசை இருக்காதா?

நீச்சல் தேர்வு நாளன்று மேனேஜர் ஷூவோடு குளத்தோரம் வந்து நின்றார். குளத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர் என்பதால், விடியற்காலை மீன் கதையை அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். நம்மவர் அழகாகத்தான் ஆரம்பித்தார். முழங்கை மேலே, விரல் நுனி கீழே, துணியில் ஊசி. நாலு வீச்சு வரைக்கும் குறையே இல்லை. அழகில் கவனம் போனதில் மூச்சு விட மறந்துவிட்டார். நடுக் குளத்தில், வரிசை பிரிக்கும் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"பரவால்ல சார்," என்றார் மேனேஜர், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "உடம்பு சரியில்லபோல. அடுத்த வாரம் நல்லாத் தயாராகிட்டு வாங்களேன்."

நல்லாத் தயாராகி! பழைய மனிதராக இருந்தால் அந்த வார்த்தையைக் கையெடுத்துக் கும்பிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கிடங்குக்கு நடந்திருப்பார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று அந்த வாரங்களுக்கு முடிவே இருந்திருக்காது. இப்போதும் வாய் 'சரி' என்று சொல்லத்தான் போனது. ஆனால் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் துப்புவதற்குள் மனம் மாறிவிட்டது.

"வேணாம் சார். இப்பவே இன்னொரு தடவை போறேன்," என்றார்.

இரண்டாவது தடவை போனதை நீச்சல் என்று சொன்னால் நீச்சல் கோபித்துக்கொள்ளும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? முழங்கை எங்கே போனதென்று அவர் கவலைப்படவில்லை. அடித்தார். உதைத்தார். ஒரு கட்டத்தில் மல்லாந்து போனார், ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் போனார். மேனேஜரின் ஷூ நனைந்தது. எதிர்ச்சுவரில் கை பட்டதா, நெற்றி பட்டதா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

மேனேஜர் நனைந்த ஷூவை உதறிவிட்டு, "சார்... இது எந்த ஸ்டைல்?" என்று கேட்டார்.

அவருக்குப் பேச மூச்சு இல்லை. மாஸ்டரம்மாதான் சொன்னார்: "கரை சேர்ற ஸ்டைல் சார். விதியில கரை சேரணும்னுதானே போட்டிருக்கு?"

வேலை கிடைத்தது. அரைக்கால் சட்டையும் விசிலுமாகக் குளத்தோரம் நடக்கிறார். தொப்பை முன்னால் போக அவர் பின்னால் போகிறார். ஆழமான பக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் எட்டித்தான் நிற்பார். நல்லவேளை, அங்கே யாரும் இதுவரை மூழ்கவில்லை. மூழ்கினால் குதித்துவிடுவேன் என்று சொல்கிறார். எந்தப் பாணியில் என்று சொல்வதில்லை.

மாறிவிட்டாரா என்றால், பாதி. மேனேஜரின் எழுத்துப்பிழை இன்னும் அவர் கண்ணை உறுத்துகிறது. ஆனால் இந்த முறை மேற்பார்வையாளர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். அரைகுறையாகத்தான் படித்திருக்கிறார். அதைப் பற்றி யாராவது கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்.

வேலை முடிந்த மாலைகளில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நீந்துகிறார்கள். போன வாரம் அவள் உதைத்த உதை நேராக அவர் தாடையில் விழுந்தது. இருவரும் நடுக் குளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, யார் கோட்டைத் தாண்டி வந்தது என்று சண்டை போட்டார்கள். மாஸ்டரம்மா விசிலடித்து இரண்டு பேரையுமே வெளியே அனுப்பினார்.